மூடிய பைக்குள் அந்து

அத்தியாயம் 4

பன்னிரண்டு பெண்கள் நாள் முழுக்கப் பூச்சி கட்டும் கூடத்தில் ஒரே ஒரு பூச்சி உயிரோடு பறந்துகொண்டிருந்தது. அது எப்படி உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கிளி என்ன, ஒரு கொசு காணாமல் போனாலும் தேடித் தருவோம் என்று நான் விளையாட்டாகச் சொல்வது உண்டு. வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது.

என் பெயர் சேட்டு. ஓரிக்கையில் ஒரு மளிகைக் கடை மாடியில் இயங்கும் துப்பறியும் அலுவலகத்தில் டிரைவர், எழுத்தர், உதவியாளர், டீ வாங்கி வருபவன் எல்லாம் நானே. முதலாளி தேவயானி மேடம். பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, எரிந்த கடைகளையும் முழுகிய மோட்டார்களையும் பார்த்தவர். எதிரில் இருப்பவர் பொய் சொன்னால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அவரிடம் ஒரு கஷ்டம்தான். உட்கார மாட்டார். நாற்காலி போட்டால் அதைச் சுற்றி நடப்பார். நான் ஆம்னி வேனை ஓட்டும்போதுகூடப் பக்கத்து சீட்டில் அவருடைய கால் ஆடிக்கொண்டே வரும். சேர்ந்து என் பிரேக் காலும் ஆடும்.

அன்று மாகறலைத் தாண்டி உத்திரமேரூர் சாலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேகால். ஐப்பசி பிறக்க இரண்டு நாள் இருந்தது. வானம் காலையிலிருந்தே இருட்டிக்கொண்டு நின்றதே தவிர ஒரு சொட்டுப் பெய்யவில்லை. எனக்குப் பசி. மேடத்துக்குப் பசிப்பதே இல்லை என்பது இந்த வேலையின் இன்னொரு கஷ்டம்.

பழைய நெல் மில் ஒன்றைக் கூடமாக மாற்றியிருந்தார்கள். வெளியே ஆங்கிலத்தில் பெரிய பெயர்ப்பலகை இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அது 'பூச்சி கம்பெனி'தான். தூண்டில் முள்ளில் சேவல் இறகும் முயல் ரோமமும் நூலும் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சி மாதிரியே செய்வார்கள். வெளிநாட்டில் ஆற்றில் இடுப்பளவு நின்று மீன் பிடிக்கிறவர்கள் அதை வாங்குவார்கள். மீனும் நிஜம் என்று நம்பிக் கடிக்குமாம். எங்கள் பக்கத்து மீன்களுக்கு மண்புழு போதும். அங்கே மீன்களும் வசதியான குடும்பம் போலிருக்கிறது.

கம்பெனி முதலாளி முத்துகிருஷ்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். பரம்பரையாக நிலம் உள்ள குடும்பம். எங்கள் பின்னாலேயே புல்லட்டில் தடதடவென்று வந்து இறங்கினார். அலுவலக அறையில் அவருடைய மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய போட்டோ. மாகறல் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஒரு பெண் குழந்தை காது குத்திக்கொள்கிறது. குழந்தை அழுகிறது. மாமனும் அழுகிறார். நான் மாமனையே பார்த்துக்கொண்டிருந்ததால் முதலாளி சொன்னதில் பாதியைத் தவறவிட்டேன். மீதி இதுதான்.

ஸ்காட்லாந்துக்கு அனுப்ப வேண்டிய பூச்சிகளை ஏற்ற நாலு மணிக்கு கூரியர் வண்டி வருகிறது. இன்று காலை அவர் பொருள் அறை பீரோவைத் திறந்து, உள்ளே இருந்த தெர்மாகோல் பெட்டியில் ஒரு கவரைப் பிரித்தபோது முகத்தில் அந்து பறந்திருக்கிறது. உள்ளே இருந்த சேவல் கழுத்துத் தோல்களில் இறகெல்லாம் அரிக்கப்பட்டு வெறும் காம்பு. கட்டி முடித்த பூச்சிகளிலும் முந்நூறுக்கு மேல் மொட்டை. வாங்குபவரிடம் போனில் சொன்னதற்கு, என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று வெளியாள் ஒருவர் விசாரித்து எழுதிய அறிக்கை இன்றே வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருட வேலை வேறு ஊருக்குப் போகும் என்று சொல்லிவிட்டார்.

"யாருன்னு எனக்கே தெரியும் மேடம். நீங்க எழுதிக் குடுத்தா போதும்," என்றார் முத்துகிருஷ்ணன். "பீரோ சாவி ஏஞ்சலு கையில கீது. பெட்டில அந்துருண்டை போடறது அதோட வேலை. காலைல பாத்தா ஒரு உருண்டை இல்ல, வாடைகூட இல்ல. மெட்ராஸ்ல இதே தொழில் பண்றவன் ஒருத்தன் அதுக்கு போன் பண்ணி வேலைக்குக் கூப்டுக்கினு கீறான். வேணும்னே பண்ணிக்கீது. நாலு மணிக்கு வண்டி போவும், சாவிய வாங்கிக்கினு அதையும் அனுப்பிடுவேன்."

மேடம் அதற்குள் அறையை மூன்று சுற்று நடந்திருந்தார். பெட்டியைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

ஏஞ்சலுக்கு முப்பது வயது. காலனியிலிருந்து வந்து இந்தக் கம்பெனியில் சாவி வாங்கிய முதல் ஆள். அந்தச் சாவி அவள் இடுப்பில் இருந்தது, கை அதன்மேல் இருந்தது. பொருள் அறையின் பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்து மேடத்திடம் கொடுத்தபோது அவள் சொன்னது ஒன்றுதான்.

"உருண்டை போட்டது நெஜம் மேடம். போடலன்னு நான் சொன்னா என் நாக்கு அழுவிப் போயிடும்."

முதலாளி சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. மேடம் பெட்டியிலிருந்த கவர்களை எல்லாம் என் கையில் அடுக்கிவிட்டு, அடியில் விரித்திருந்த பேப்பரை உருவி, வெறும் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். தெர்மாகோலின் அடியில் வரிசையாக எட்டு வட்டக் குழிகள். சின்னப் பணியாரச் சட்டி மாதிரி இருந்தது.

"அந்துருண்டை பட்டா தெர்மாகோல் கரையும் சார்," என்றார். "ஒரு நாள்ல இவ்ளோ ஆழம் வராது. மாசக்கணக்குல இங்க உருண்டை இருந்திருக்கு. போடலைன்னு நீங்க சொன்னது தப்பு."

முத்துகிருஷ்ணன் குழியில் விரலை விட்டுப் பார்த்தார். சரி, அப்படியானால் எடுத்தது யார் என்று அதையும் எழுதிக்கொடுங்கள், மணி ஒன்றேமுக்கால் ஆகிறது என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தபடி அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

ஏஞ்சல் முகத்தில் நிம்மதி வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. உருண்டை போட்டது நிரூபணமானதற்கு ஒரு பெண் இவ்வளவு பயப்படுவதை நான் பார்த்ததில்லை.

மேடம் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கத் தொடங்கினார். பின்னாலேயே நான், கையில் நோட்டு, தலைக்கு மேலே அந்த ஒற்றை அந்து. அடுத்த கூடத்தில் எப்.எம். பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து உர விளம்பரம் வந்தது. பெண்களில் ஒருத்தி எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினாள். மறுபடி பாட்டு வந்ததும் குறைத்தாள்.

"சேட்டு, நீ பாட்டுக்கு சத்தம் கூட்டுவியா, உர விளம்பரத்துக்குக் கூட்டுவியா?"

"உரத்துக்குக் கூட்டுறவங்க ஒண்ணு விவசாயியா இருக்கணும், இல்ல வேற ஏதோ சத்தத்த மறைக்கணும் மேடம்."

"மேல பாரு."

மேலே பழைய மில்லின் இரும்புக் குழாய் ஒன்று குறுக்கே ஓடியது. முழுக்கத் துரு. பீரோவை ஒட்டிய இடத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஏதோ துணியைக் கட்டித் தினமும் ஆட்டினால் அப்படித் தேயும். நான் இதைச் சொல்வதற்குள், பெட்டியிலிருந்து உருவிய பேப்பரிலிருந்து காய்ந்த வேப்பிலையும் மரத்துண்டு போல ஒன்றும் கீழே விழுந்தன. மரத்துண்டில் ஓட்டை இருந்தது. ஓட்டையில் அறுந்த கறுப்பு நூல் இருந்தது. ஏதோ மரப் பாசிமணி என்று நான் அறிவித்தேன்.

"முப்பத்தெட்டு வயசுல கல்யாணம் ஆகாதவன் வேற இன்னா சொல்லுவ," என்றார் மேடம். "வசம்பு. கைக்குழந்தைக்கு வளையல் கோத்துப் போடுவாங்க. பூச்சியும் அண்டாது."

அறையின் மூலையில் காலி சாக்குகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேடம் அதன் பின்னால் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஏற்றுமதி அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய புடவை விரித்து, மூன்று மாதக் குழந்தை ஒன்று வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. கையில் வசம்பு வளையல், ஒரு மணி குறைவாக. பெட்டியின் மேல் 'கவனமாகக் கையாளவும்' என்று அச்சடித்திருந்தது.

ஏஞ்சல் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

பையனின் பெயர் தமிழரசனாம். ஆளைவிடப் பெயர் பெரிது. அம்மா மலர்க்கொடி, எப்.எம். சத்தத்தைக் கூட்டிய பெண். தூண்டில் முள் கிடக்கும் கூடத்துக்குள் குழந்தைகள் வரக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான சட்டம், அதில் தப்பில்லை, ஒரு முள் கீழே விழுந்தாலே காலில் ஏறிவிடும். ஆனால் மலர்க்கொடிக்குப் பிள்ளையை விட்டுவர ஆள் இல்லை. அதனால் முள் இல்லாத இந்த அறையில், பீரோவுக்குப் பக்கத்தில் தூளி. புல்லட் சத்தம் கேட்டால் தூளி இறங்கிவிடும், குழந்தை சாக்குக்குப் பின்னால் போய்விடும், எப்.எம். ஏறிவிடும். இந்த ஏற்பாடு ஒரு மாதமாக நடக்கிறது. பன்னிரண்டு பெண்களும் கூட்டு.

"உருண்டைய எடுத்தது நான்தான் மேடம்," என்றாள் ஏஞ்சல். "புள்ள பொறந்தப்ப மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரில பத்து நாளு லைட்டுல போட்டு வெச்சிருந்தாங்க. அந்துருண்டை வாடையே அதுக்கு ஆவாதுன்னு நர்ஸம்மா மலருகிட்ட சொல்லி அனுப்பிச்சி. பீரோ பக்கத்துல தூளி. நான் இன்னா பண்ணுவேன்? எல்லா பெட்டிலயும் பொறுக்கி எடுத்துட்டு வேப்பிலையும் வசம்பும் போட்டேன்."

"சார்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா புள்ளைய தூக்கிக்கினு போவச் சொல்வாரு. மலரும் போவணும். அவ வூட்டுக்காரன் வுட்டுட்டுப் போயி ஆறு மாசம் ஆவுது. எனக்கு வேலை போனா வேற பாத்துக்குவேன். நான்தான் மறந்துட்டேன்னு எழுதிக்கோங்க மேடம். புள்ளைய பத்தி மட்டும் எழுதாதீங்க."

நான் நோட்டை மூடிவிட்டேன். குற்றம் நிரூபணம், ஒப்புதல் வாக்குமூலம், மணி இரண்டு பத்து. இதற்கு மேல் துப்பறிய ஒன்றும் இல்லை, வழியில் ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா என்பதைத் தவிர. ஆனால் மனசு கேட்கவில்லை. உண்மையைக் கண்டுபிடித்து ஒரு நல்ல மனுஷியை வீட்டுக்கு அனுப்புவதற்கா இவ்வளவு தூரம் பெட்ரோல் எரித்துக்கொண்டு வந்தோம் என்று எரிச்சலாக வந்தது. மேடத்திடம் அப்படியே சொன்னேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

"உருண்டை இல்லைன்னா கதவு தொறந்து கீதுன்னு அர்த்தம். திருடன் வந்தான்னு அர்த்தம் இல்ல. அந்த கவருங்கள குடு."

கவர்கள் ஆறு. கெட்டியான ஜிப் கவர்கள், ஒவ்வொன்றிலும் நாலு கழுத்துத் தோல். மூன்றில் சிவப்புப் பொட்டு, மூன்றில் நீலப் பொட்டு. சிவப்பு ஆகஸ்ட் கடைசியில் வந்த சரக்கு, நீலம் அதற்கு முந்தியது என்றாள் ஏஞ்சல். மேடம் எல்லாவற்றையும் தரையில் பரப்பினார். நானும் குனிந்தேன். சிவப்புப் பொட்டு மூன்றிலும் இறகு துடைப்பக் குச்சியாகியிருந்தது, அடியில் மணல் மாதிரி எச்சம், வெள்ளை நூலாம்படை. நீலப் பொட்டு மூன்றிலும் சேவல் கழுத்து நேற்றுதான் கூவியது போல மின்னியது. புரட்டாசி மாதத்தில் கோழியை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது எனக்கு வேதனையாக இருந்தது.

"ஒரே பெட்டி. ஒட்டி ஒட்டி வெச்ச கவருங்க," என்றார் மேடம். "சிவப்ப தின்னுட்டு நீலத்த தொடாம வுட்டுக்கீது. அந்துக்கு கலர் தெரியுமா சேட்டு?"

"ரேஷன் கார்டு பாத்து சாப்புடுதோ என்னமோ."

முதலாளி காலையில் பிரித்தது ஒரு கவரைத்தான். மற்ற இரண்டு சிவப்புக் கவர்களில் ஜிப் இறுக்கமாக மூடியிருந்தது. ஒன்றை மேடம் உயர்த்திப் பிடித்தார். உள்ளே இரண்டு அந்துகள் வெளியே வர வழியில்லாமல் பிளாஸ்டிக்கில் மோதிக்கொண்டிருந்தன. கவரில் ஊசிமுனை ஓட்டைகூட இல்லை. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை. அவை அந்தக் கவருக்குள்ளேயே பிறந்தவை. மொட்டையான முந்நூறு பூச்சிகளும் எந்தத் தோலில் கட்டியது என்று கேட்டதற்கு, சிவப்புதான் என்றாள் ஏஞ்சல். மூடிய டப்பாவில் அவற்றோடு முட்டையும் போயிருக்கிறது.

அப்படியானால் முட்டை தோலோடு வந்திருக்க வேண்டும். புதுத் தோல் வந்தால் என்ன செய்வாய் என்று மேடம் கேட்டார்.

ஏஞ்சல் விரல்விட்டுச் சொன்னாள். வந்தவுடன் பீரோ பக்கமே கொண்டுவரக் கூடாது. கவரில் போட்டு மூடி, அலுவலகத்து ஃப்ரீசரில் மூன்று நாள். பிறகு வெளியே ஒரு நாள். மறுபடி உள்ளே மூன்று நாள். முதல் தடவை குளிரில் சாகாத முட்டை, வெளியே வந்த ஒரு நாளில் சூடு கண்டு நல்ல காலம் வந்துவிட்டது என்று விழித்துக்கொள்ளும். அப்போது திரும்ப உள்ளே தள்ளினால் தீர்ந்தது. இப்படி ஒரு சதியை என் பெரியப்பா மகன் சொத்துத் தகராறில்கூடச் செய்ததில்லை.

"சிவப்பு பொட்டுக்கு ரெண்டு தபாவும் நீயே வெச்சியா?"

ஏஞ்சல் தயங்கினாள். ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி உள்ளே வைத்தது அவள். இருபத்தெட்டாம் தேதி காலையில் வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்குச் சர்ச் வண்டியில் போய்விட்டாள். செப்டம்பர் இரண்டாம் தேதி அவள் திரும்பி வந்தபோது, இரண்டு சுற்றும் ஆகிவிட்டது என்று சொல்லி முதலாளியே கவர்களைக் கையில் கொடுத்தார். வாங்கி பீரோவில் வைத்தாள்.

மேடம் ஓடவில்லை. ஆனால் அந்த நடைக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் முதலாளி இல்லை. வாசலில் நின்று கூரியர்காரனிடம் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஃப்ரீசர் மூலையில் இருந்தது, ஐஸ்கிரீம் கடைகளில் இருக்குமே, மேலே மூடி திறக்கும் நீளப் பெட்டி. மூடியில் ஏஞ்சல் ஒட்டிய சீட்டு. 26 உள்ளே என்பதற்கு எதிரே ஏஞ்சலின் கையெழுத்து. 29 வெளியே, 30 உள்ளே, 2 வெளியே என்ற மூன்றுக்கும் எதிரே முதலாளியின் கையெழுத்து. மூன்றும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டது போல ஒன்றுக்குக் கீழ் ஒன்று.

மூடியைத் திறந்தோம். உள்ளே காலி. சுவரிலும் அடியிலும் பஞ்சு மாதிரி வெள்ளை ஐஸ் படிந்திருந்தது. மேடம் என் வண்டிச் சாவியைப் பிடுங்கி, அடி மூலையில் சுரண்டினார். வெள்ளை ஐஸுக்குக் கீழே கண்ணாடி மாதிரி இன்னொரு ஐஸ் இருந்தது.

"ஒரு தடவை உருகி, தண்ணியா கீழ எறங்கி, திரும்ப கட்டியா ஆயிருக்கு. கரண்ட் போயிருக்கணும். இல்ல யாரோ இந்த பட்டனை ஃப்ரீசர்லேர்ந்து ஃப்ரிட்ஜுக்கு திருப்பியிருக்கணும். எதை ஃப்ரீசர்ல வெக்காம ஃப்ரிட்ஜுல வெப்போம்?"

"மோர். மாவு. மிச்சமான சாம்பார்," என்றேன். பசி பேசியது.

மேடம் ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடிக்குள் ஒரு விரல் நீள வாழைநார். நாரில் நெருக்கமாகக் கட்டிய ஏழெட்டு மல்லிகை மொட்டு. பக்கத்தில் வாழையிலைக் கிழிசல். தலையிலிருந்து விழுந்த பூ இல்லை. இலையில் சுற்றிய பந்திலிருந்து பிய்ந்த பூ. நான் திரும்பி, சுவரிலிருந்த காதுகுத்துப் போட்டோவை இந்த முறை முழுதாகப் பார்த்தேன். அழுகிற மாமனுக்குப் பின்னால் தூண், படி, தட்டு, பெண்களின் தலை என்று எங்கும் மல்லிகை. கீழ் மூலையில் தேதி. ஆகஸ்ட் இருபத்தொன்பது.

அந்தச் சந்தோஷத்தில் என் மூக்கருகே வந்த அந்துவை நோட்டால் அடித்தேன். சாட்சியைக் கொன்றுவிட்டாய் என்றார் மேடம்.

மூன்றரைக்கு முத்துகிருஷ்ணன் உள்ளே வந்தபோது ஐஸ்கட்டி அவர் மேசைமேல் ஒரு எவர்சில்வர் தட்டில் இருந்தது. ஓரம் உருகத் தொடங்கியிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு மேடத்தைப் பார்த்தார்.

"இது உங்க ஃப்ரீசர்ல கெடச்சுது சார்," என்றேன். "கோழிக்கு பூ வெக்கிற பழக்கம் உண்டுங்களா?"

மேடம் என்னை முறைத்துவிட்டு, கண்டதை வரிசையாகச் சொன்னார். சிவப்புப் பொட்டு, நீலப் பொட்டு, திறக்காத ஜிப், ஒரே மூச்சுக் கையெழுத்து, இரண்டு விதமான ஐஸ், போட்டோவில் இருக்கும் தேதி. சொல்லிக்கொண்டே அறையை நாலு சுற்று சுற்றினார். தட்டில் தண்ணீர் பெருகி மொட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முத்துகிருஷ்ணன் கெட்ட மனிதர் இல்லை, அது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"சாமிக்கு போற பூ மேடம்," என்றார் கடைசியில். "பாப்பா காதுகுத்துக்கு முன்னாடி நாளே காஞ்சிபுரத்துலேர்ந்து அம்பது பந்து வந்துடுச்சு. வூட்டு ஃப்ரிட்ஜுல எடம் பத்தல. செத்த கோழித் தோலு பக்கத்துல சாமி பூவ எப்டி வெக்கிறது, நீங்களே சொல்லுங்க. தோல வெளிய எடுத்து ஜன்னல்ல வெச்சேன். ஒரு ராத்திரிதான்னு நெனச்சேன். விசேஷக் கூட்டத்துல திருப்பி வெக்க மறந்தே போச்சு. ஏஞ்சலு வந்து கேக்கும்போது கூச்சமா இருந்துச்சு. ஆயிடுச்சுன்னு சொல்லி, கையெழுத்தையும் போட்டுட்டேன்."

தட்டில் மிதந்த ஒரு மொட்டை விரலால் ஓரம் தள்ளினார். பிறகு அவருக்கு ஒரு பிடி கிடைத்தது. நிமிர்ந்தார்.

"சரி, என் தப்பு. ஆனா உருண்டை இருந்திருந்தா அந்து அங்கியே செத்திருக்கும் இல்ல?"

மூடிய ஜிப் கவருக்குள் உருண்டை வாடை போகாது, இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றார் மேடம்.

"அப்பயும் அதை எடுத்தது யாரு? ஏன் எடுத்தாங்க? அது எனக்கு தெரிஞ்சாவணும்."

அது உங்கள் கேள்வியில் இல்லை என்று மேடம் சொல்லப் போனார். அதற்குள் வாசலில் நின்றிருந்த ஏஞ்சல் உள்ளே வந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, பூத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான்தான் சார் எடுத்தேன். ஏன்னு கேக்காதீங்க."

அவர் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். ஏஞ்சல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. சொல்லித் தொலைத்தால் வேறொருத்தியின் வேலை போகும் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டேன். மேடம் நடப்பதை நிறுத்தினார். நாற்காலியை இழுத்து, முத்துகிருஷ்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் அவர் கட்சிக்காரர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சார், உங்க வூட்டு பீரோல அந்துருண்டை போடுவீங்களா?"

"அது எதுக்கு இப்ப? இல்ல, போடறதில்ல."

"ஏன்?"

"பாப்பா கீதே மேடம். பொறந்தப்ப மஞ்சளா இருந்துச்சு. நர்ஸம்மா கண்டிஷனா சொல்ட்டாங்க, வாடையே ஆவாதுன்னு. எங்க வூட்டம்மா வளர்மதி அன்னிக்கே பட்டுப்புடவை நடுவுலேர்ந்துகூட பொறுக்கி எடுத்து..."

அங்கே நின்றுவிட்டார். கூடத்தில் எப்.எம். சத்தம் திடீரென்று ஏறியது. பல்பொடி விளம்பரம். அதையும் மீறி, பொருள் அறையிலிருந்து தமிழரசன் தன் முழுப் பெயருக்கும் தகுந்த குரலில் அழுதான்.

முத்துகிருஷ்ணன் எழுந்து போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். சாக்குகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, இரும்புக் குழாயில் தேய்ந்து மின்னிய இடத்தைப் பார்த்தார். கூடத்தில் பதினோரு பெண்களும் கட்டிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். மலர்க்கொடி மட்டும் ஓடிவந்து வாசலில் நின்றாள், பிள்ளையைத் தூக்கலாமா கூடாதா என்று தெரியாமல். யாரோ எப்.எம்.மை அணைத்தார்கள். குழந்தை அழுகிற சத்தம் மட்டும் இருந்தது.

"அட்டைப்பெட்டில வெச்சிக்கீறீங்களே," என்றார் முத்துகிருஷ்ணன். கனைத்துக்கொண்டார். "எலி கடிச்சா இன்னா பண்ணுவ? தூக்கு மொதல்ல."

மலர்க்கொடி தூக்கினாள். இந்த அறைக்குள் முள்ளோடு யாரும் வரக்கூடாது, கூடத்துக்குள் பிள்ளை வரக்கூடாது, தூளியைப் பழைய இடத்திலேயே நல்ல கயிற்றில் கட்டுங்கள் என்று முதலாளி ஒவ்வொன்றாக அதட்டினார். இவ்வளவு சந்தோஷமாக யாரும் அதட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு வண்டி வந்தது. நீலப் பொட்டுத் தோலில் கட்டியவை எல்லாம் போயின. சிவப்பை நிறுத்தி வைத்தார்கள். ஸ்காட்லாந்துக்கு என்ன எழுதட்டும் என்று மேடம் கேட்டதற்கு, நடந்ததை எழுதுங்கள், பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள் என்றார் முத்துகிருஷ்ணன். நான் லேப்டாப்பில் அடித்தேன். கோழித் தோலும் சாமிப் பூவும் ஏன் ஒன்றாக இருக்க முடியாது என்பதை அவர்களுக்கு விளக்கத்தான் ஒன்றரைப் பக்கம் ஆனது.

மற்ற பெட்டிகளில் அரிக்காமல் மிஞ்சிய சிவப்புத் தோல்களை ஏஞ்சல் தட்டி உதறி, புதுக் கவரில் போட்டு, ஃப்ரீசரில் அடுக்கி, புதுச் சீட்டு எழுதி ஒட்டினாள். ஆனால் சாவி இன்னும் மேசைமேலேயே, வாடிய மல்லிகைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. அவளும் எடுக்கவில்லை. மேடம் மறுபடி நடக்க ஆரம்பித்திருந்தார். வெளியே முதல் தூறல் விழுந்தது.

முதலாளியின் போன் அடித்தது. அவர் மனைவி வளர்மதி. குரல் எங்களுக்கே கேட்டது. நாளை மறுநாள் மாதப் பிறப்பு, கோயிலுக்குப் பூ வாங்கியாயிற்று, கம்பெனி ஃப்ரீசரில் கொஞ்சம் இடம் இருக்குமா என்றார்.

முத்துகிருஷ்ணன் ஃப்ரீசரைப் பார்த்தார். போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஏஞ்சலு, எடம் கீதா?"

ஏஞ்சல் மேசைக்கு வந்து சாவியை எடுத்தாள். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மூணு நாளைக்கு இல்ல சார். அப்பறம் ஒரு நாளு இருக்கும்."

அவர் போனைக் காதில் வைத்தார்.

"இல்லையாம்," என்றார்.